கேசட்டில் இருக்கும் குரல்

மைசூர்,
4 பிப்ரவரி 1996

அன்புள்ள லாய்டுக்கு,

சேசுவின் சமாதானம் உனக்கும், உன் கிட்டாருக்கும், என் மேல் எரிந்து விழுந்த அந்த சவுண்ட் எஞ்சினியருக்கும் சேர்த்தே உண்டாகட்டும்.

நானும் தம்பி பெர்னார்டும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். பஸ் நிலையம் வரைக்குமாவது வருவாய் என்று நினைத்தேன். நீ ஸ்டூடியோ வாசலிலேயே கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாய். பெரிய ஆளாகிவிட்டாய், சரி. ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டும்வரை அவன் டிரம்ஸின் சிம்பல் தட்டை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் அதைத் தாம்பாளம் என்று நினைத்து, கல்யாணச் சாமானா என்று கன்னடத்தில் விசாரித்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஹார்ட் ராக் என்றால் என்னவென்று மாண்டியாவிலிருந்து மைசூர் வரைக்கும் யார் விளக்குவது?

தொண்டை இன்னும் கட்டித்தான் இருக்கிறது. நாலு நாளில் பத்துப் பாட்டு, அதுவும் சளியோடு. இரண்டாவது பாட்டில் ‘ரிவர்’ என்ற சொல்லை நடுவில் உடைத்து மூச்சு வாங்கினேனே, அது மட்டும் உறுத்துகிறது. மறுபடி பாடுகிறேன் என்றேன். அதுதான் அழகு, இருக்கட்டும் என்றாய். இருக்கட்டும்.

எஞ்சினியருக்கு என் சார்பில் ஒரு மன்னிப்புச் சொல்லிவிடு. கண்ணாடி அறையில் தனியாக நிற்க வைத்தால் எனக்குப் பாட்டு வராது. ஒன்பது வயதிலிருந்து கோயில் கொயரில் பாடினவள் நான். பக்கத்தில் நிற்பவர் மூச்சு இழுப்பது காதில் விழுந்தால்தான் என் வாய் திறக்கும். நீயும் பெர்னார்டும் அதே கொயரில் வளர்ந்தவர்கள் என்பதால்தான் நாம் நாலு பேரும் ஒரே அறையில் நின்று வாசிக்கலாம் என்று நான் சொன்னதும் ஒத்துக்கொண்டீர்கள். பாவம் பிரசாந்த், மூன்று பேர் பிடிவாதத்துக்கு நடுவில் பேஸ் கிட்டாரோடு மாட்டிக்கொண்டான்.

ஒரு செய்தி. போன ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் கூப்பிட்டார். “பீடத்துக்குப் பக்கத்துல நின்னு பாடுற வாயி, அங்க போய் அப்படிக் கத்தக்கூடாதும்மா. ரெண்டுல ஒண்ண வெச்சுக்கோ” என்றார். கோபப்பட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். பதினான்கு வருஷம், லாய்ட். வீட்டுக்கு வந்து அழுதேன், அதை மறைக்கப்போவதில்லை. கொயரில் பாடின பாட்டெல்லாம் பூசை முடிந்ததும் காற்றோடு போய்விடும். கேசட்டில் பாடினது இருக்கும். நான் செத்தாலும் இருக்கும். அதற்காகத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

கேசட் எப்போது வரும் என்று அம்மா தினமும் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் கேட்கிறாள். பக்கத்து வீட்டு மல்லம்மாவுக்குப் போன் செய்யாதே, நாம் பேசுவதைத் தெருவே நின்று கேட்கிறது. கடிதம் போடு.

உன் கத்தலை மட்டும் பொறுத்துக்கொள்ளும்
ரெபேக்கா


பெங்களூர்,
21 பிப்ரவரி 1996

அன்பு ரெபிக்கு,

உன் கடிதம் வந்தது. கொயர் விஷயம் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நீ எடுத்த முடிவு சரி என்று கேசட் வரும்போது ஃபாதரே சொல்வார் பார். கேசட் கம்பெனியில் எல்லாருக்கும் பாட்டுகள் பிடித்துவிட்டன. ஆல்பத்துக்கு நாம் வைத்த ‘செகண்ட் ஷிஃப்ட்’ என்ற பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ‘லோகோஷெட்’ என்றால் என்ன என்று மட்டும் கேட்டார்கள். மைசூரில் ரயில் எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் பிராக்டீஸ் செய்த பாண்ட், அதனால் அந்தப் பெயர் என்றேன். சிரித்தார்கள்.

ஒரு சின்னச் சிக்கல். நாலு பேரும் ஒரே அறையில் வாசித்ததால் எல்லா மைக்கிலும் எல்லாச் சத்தமும் புகுந்துவிட்டது. நானும் பிரசாந்தும் எங்கள் பங்கை இங்கேயே மறுபடி வாசித்துவிட்டோம். பெர்னார்ட் வந்து டிரம்ஸை மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். நாலு நாள் வேலை. அவனுக்கு எழுதினால், நஞ்சன்கூடு ஃபேக்டரியில் பெர்மனென்ட் ஆகிற நேரம், லீவு கேட்டால் வேலை போய்விடும் என்கிறான். அவன் வராவிட்டால் ஆல்பம் நின்றுவிடும், ரெபி. நான் சொன்னால் கேட்கமாட்டான். அக்கா சொன்னால் கேட்பான்.

அம்மாவுக்கு என் வணக்கம். மிளகுப்பால் குடி.

உன்
லாய்ட்


மைசூர்,
6 மார்ச் 1996

அன்புள்ள லாய்டுக்கு,

கஷ்டமான வேலை என்றால் மட்டும் உனக்கு ரெபியின் ஞாபகம் வந்துவிடுகிறது. இருந்தாலும் செய்துவிட்டேன்.

பெர்னார்ட் முடியவே முடியாது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தான். மூன்றாம் நாள் ஸ்கூலில் என் வகுப்பை வேறொரு மிஸ்ஸிடம் விட்டு, அரைநாள் லீவு போட்டுவிட்டு நானே நஞ்சன்கூடு பஸ் ஏறினேன். ஃபேக்டரி கேட்டில் ஒன்றரை மணி நேரம் நின்று அவனுடைய சூப்பர்வைசர் சீனிவாசனைப் பிடித்தேன். நம் தமிழ்க்காரர்தான், நல்ல மனுஷன். கோலாரில் எங்கள் அத்தை சாகக் கிடக்கிறாள் என்றேன். அப்படி ஓர் அத்தை கிடையாது என்று உனக்குத் தெரியும். அவளுக்கு என்ன வியாதி என்று அவர் கேட்டபோது எனக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. “நாலு நாள்தாம்மா. அஞ்சாம் நாள் காலைல அவன் கேட்டுல இல்லன்னா லிஸ்ட்ல பேரு இருக்காது, என் கையில ஒண்ணும் இல்ல” என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இந்த அத்தையை எந்தக் கணக்கில் சொல்வது என்று தெரியவில்லை.

திங்கள்கிழமை அவன் அங்கே இருப்பான். நேரத்துக்குச் சாப்பாடு போடு. நாலாம் நாள் சாயங்காலம் நீயே பஸ்ஸில் ஏற்றிவிடு, வாசலில் நின்று கையாட்டாதே.

நானும் வந்து மறுபடி பாட வேண்டுமா? இப்போது தொண்டை நன்றாக இருக்கிறது. அந்த ‘ரிவர்’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. கேசட் அட்டைக்குப் போட ஒரு போட்டோ இதோடு வைத்திருக்கிறேன். கறுப்புச் சுடிதாரில் எடுத்தது. சிரிக்காமல் எடுக்கச் சொன்னேன், ஸ்டூடியோக்காரர் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார்.

அத்தையைப் பறிகொடுத்த
ரெபேக்கா


பெங்களூர்,
24 மார்ச் 1996

அன்பு ரெபிக்கு,

நீ செய்த உதவியை மறக்கமாட்டேன். பெர்னார்ட் பிரமாதமாக வாசித்தான். சொன்னபடி நாலாம் நாள் நானே பஸ் ஏற்றினேன்.

நீ வர வேண்டாம். உன் பாட்டைத்தான் இங்கே எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மூச்சையும் கேட்கிறார்கள். அதில் திருத்த ஒன்றுமே இல்லை.

போட்டோ நன்றாக இருக்கிறது. ஆனால் அட்டையில் எஞ்சின் படம் போடப்போகிறார்களாம். பத்திரமாக என்னிடமே வைத்திருக்கிறேன்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு விரிவாக எழுதுகிறேன்.

லாய்ட்


மைசூர்,
12 மே 1996

அன்புள்ள லாய்டுக்கு,

விரிவாக எழுதுகிறேன் என்றாய். ஒன்றரை மாதமாக அந்த விரிவைக் காணோம்.

பெர்னார்டுக்கு வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது. அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். அவன் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த நாளிலிருந்தே அவன் சரியில்லை. டிரம்ஸைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டான். என்னைப் பார்த்தால் உடனே வெளியே கிளம்பச் செருப்பைத் தேடுகிறான். என்னடா ஆச்சு என்று கேட்டால், “ஒண்ணுமில்லக்கா, சும்னே இரு” என்று கன்னடத்தில் வாயை அடைத்துவிட்டு வெளியே போய்விடுகிறான். அங்கே யாராவது அவனை அவமானப்படுத்தினார்களா? நீ திட்டினாயா? என்னிடம் சொல். நான்தானே பிடித்துத் தள்ளி அனுப்பினேன், என் மனசு அடித்துக்கொள்கிறது.

ஈஸ்டருக்குக் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அல்லேலூயாவைச் சுருதியில் அரைக்கட்டை ஏற்றிப் பிடித்து, மேலே போக முடியாமல் எல்லாரும் தவித்தார்கள். எனக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். கேசட் வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன், லாய்ட். தேதியையாவது எழுது.

ரெபேக்கா


பெங்களூர்,
30 ஜூன் 1996

ரெபிக்கு,

கார்டில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். ஆகஸ்ட் பதினைந்துக்குக் கேசட் கடைகளுக்கு வருகிறது. பெர்னார்ட் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், மனதில் போட்டுக்கொள்ளாதே. சில விஷயங்கள் உன்னிடம் நேரில் பேச வேண்டும். கட்டாயம் வருகிறேன்.

லாய்ட்


மைசூர்,
19 ஆகஸ்ட் 1996

லாய்ட்,

நீ வரவில்லை. கேசட் வந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் தேவராஜ அர்ஸ் ரோட்டில் போய் வாங்கினேன். கடை வாசலிலேயே பிரித்து உள்தாளைப் படித்தேன். டிரம்ஸ் பெர்னார்ட். பேஸ் பிரசாந்த். கிட்டார், பாடல்கள் லாய்ட். குரல் ஷெரில். அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். சிரிக்காதே, நிஜமாகவே நினைத்தேன். உனக்குக் கடிதம் போட்டால் அடுத்த தடவை அச்சடிக்கும்போது திருத்திவிடுவாய் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் போட்டேன். முதல் பாட்டு முழுக்க எனக்கே சந்தேகம். நான் இழுக்கிற இடத்தில் இழுக்கிறாள், உடைக்கிற இடத்தில் உடைக்கிறாள். இரண்டாவது பாட்டில் ‘ரிவர்’ வந்தது. நடுவில் மூச்சு வாங்கினாள். எனக்கு மூக்கு அடைத்திருந்ததால் வாங்கின மூச்சு அது. அவளுக்கு என்ன கேடு? என் சளியைக்கூட விடாமல் பாடியிருக்கிறாள். யார் என்ன சொன்னாலும் என் தொண்டை எனக்குத் தெரியும். அது நான் இல்லை.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அந்த மெதுவான ஏழாவது பாட்டு வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். “என்னமோ தாங்கமுடியாத கஷ்டத்தச் சொல்றியேம்மா, இதெல்லாம் எப்ப பட்ட?” என்று என் தலையைத் தடவினாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். மறுநாள் கேசட்டை எடுத்துக்கொண்டு மல்லம்மா வீட்டுக்குப் போய், எங்க ரெபேக்கா பாடினது என்று எல்லாருக்கும் போட்டுக் காட்டிவிட்டு வந்தாள்.

பெர்னார்டை அன்றே பிடித்துக்கொண்டேன். “வாசிக்கச் சொல்லோ ஹெட்போன்ல அவ குரல்தான்க்கா வந்துச்சு. பாதியில எழுந்துட்டேன். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ வாசின்னு லாய்ட் சொன்னான். வாசிச்சிட்டேன்” என்றான். முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டுதான் இதையும் சொன்னான்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டிரம்ஸில் ஒரு குறையும் இல்லை. ஒரே அறையில் நின்று பாடினதால் என் குரல் டிரம்ஸ் மைக்கிலும் ஏறிப் போயிருந்தது. நான் அதில் இருக்கும்வரை இன்னொருத்தியை வைக்க முடியாது. என்னைத் துடைக்கத்தான் பெர்னார்டைக் கூப்பிட்டாய். அவனை அனுப்பி வைக்க நான் நஞ்சன்கூடு போய், கேட்டில் நின்று, இல்லாத அத்தையைச் சொல்லி அழுதேன். திருத்த ஒன்றுமே இல்லை என்று எழுதினாயே, அதை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

ரெபேக்கா


பெங்களூர்,
1 செப்டம்பர் 1996

அன்பு ரெபிக்கு,

உன் கோபம் நியாயம். நான் கோழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடந்ததைக் கேள்.

ரெக்கார்டிங் முடிந்த வாரமே கம்பெனிக்காரர் கூப்பிட்டார். கேபிள் டிவிக்கு வீடியோ எடுக்க வேண்டும், அதற்கு முகம் வேண்டும் என்றார். ரெபேக்கா நன்றாகத்தானே இருக்கிறாள் என்றேன். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருக்கிறாள் என்றார். ஷெரில் பம்பாயில் மாடலிங் செய்கிற பெண். பாடவும் வரும். நீ பாடினதை டிராக்காக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். சினிமாவில் இது வழக்கம்தான். முதலில் ஒருவர் பாடி வைப்பார், அதுதான் டிராக். பிறகு அதைக் கேட்டு வேறொருவர் பாடுவார். டிராக் பாடினவர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆல்பமே கிடையாது. ஏழு வருஷம் நாம் நாலு பேரும் பட்ட பாடு என்ன ஆகும்? மூன்று பேருக்காவது வாழ்க்கை அமையட்டும், ரெபி பெரிய மனதுக்காரி, புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் பஸ் நிலையம் வரை வந்து திரும்பிப் போனேன்.

உள்தாளின் கடைசி வரியைப் பார்த்தாயா? நன்றி சொல்லும் இடத்தில் ரெபேக்கா மிஸ் என்று போட்டிருக்கிறது. சண்டை போட்டுத்தான் போட வைத்தேன். அடுத்த ஆல்பத்தில் நீதான், சத்தியம்.

என்றும் உன்
லாய்ட்


பெங்களூர்,
4 அக்டோபர் 1996

அன்பு ரெபிக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து வரி இல்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

தசராவுக்கு மைசூரில் நம் கச்சேரி வைத்திருக்கிறார்கள். 18ஆம் தேதி, காலேஜ் மைதானத்தில், ஐயாயிரம் பேர் வருவார்கள் என்கிறார்கள். நம் ஊரில் நம் மேடை, ரெபி. பெர்னார்டும் வாசிக்கிறேன் என்று எழுதிவிட்டான்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் உன்னை விட்டால் யாரிடம் கேட்பேன்? ஸ்டூடியோவில் ஷெரில் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பாடினாள். மேடையில் மூன்றாவது பாட்டுக்கே தொண்டை போய்விடுகிறது. அந்த நீளமான அலறல் அவளுக்கு வரவே இல்லை. மேடைக்குப் பின்னால் திரைக்கு அந்தப்புறம் ஒரு மைக் வைத்துவிடுகிறேன். நீ பாடு. அவள் முன்னால் வாயசைப்பாள். யாருக்கும் தெரியாது. உன் குரலை உன் ஊரே கேட்கும். நீ ஆசைப்பட்டதும் அதுதானே?

அம்மா பார்க்க வேண்டும் என்று இரண்டு பாஸ் வைத்திருக்கிறேன். முன்வரிசை. அவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

லாய்ட்


மைசூர்,
11 அக்டோபர் 1996

லாய்ட்,

நீ அனுப்பிய கவரைத் தபால்காரரிடமிருந்து அம்மாதான் வாங்கினாள். நான் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் பிரித்துவிட்டாள். பாஸ் இரண்டும் கீழே விழுந்திருக்கின்றன. கடிதத்தை அவள் படிக்கவில்லை, உனக்கு வந்ததை நான் ஏன் படிக்கணும் என்று மடித்து வைத்திருந்தாள். கச்சேரிக்கு என்பது மட்டும் புரிந்துவிட்டது. பதினெட்டாம் தேதிக்கு டியூட்டி மாற்றிக்கொண்டாள். பட்டுப்புடவையை வெயிலில் உலர்த்தினாள். ஸ்கூலில் என் பிள்ளைகள்கூட இப்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறார்கள். இதைப் பாடுகிறவளைத் தெரியுமா மிஸ் என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது என்றேன்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். மாட்டேன் என்று நான் உடனே முடிவு செய்யவில்லை. மூன்று நாள் யோசித்தேன். திரைக்குப் பின்னாலாவது நிற்கலாமே என்றுகூட மனசு போனது. நேற்று சாயங்காலம் பன்னிமண்டப மைதானம் பக்கம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், எட்டு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்து பாடினேன். ‘ரிவர்’ வந்தது. சளி இல்லை, ஒன்றும் இல்லை, நடுவில் மூச்சு வாங்கினேன். ஷெரில் வாங்குகிற மாதிரியே வாங்கினேன். அம்மா தினமும் போட்டுப் போட்டு, அந்தக் கேசட் என் காதிலேயே ஊறிவிட்டது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்து அல்லவா பாடுகிறேன் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். கொயரை விட்டது போகட்டும், கேசட்டில் இல்லாமல் போனதும் போகட்டும். எனக்கென்று தொண்டையில் இருந்ததையும் கெடுத்துவிட்டாயே, பாவி.

இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்து வேறொருத்தியின் வாயைப் பார்த்து அவள் என்னைத் தேடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். அது நான் இல்லம்மா, வேற பொண்ணு என்றேன். அவளுக்குப் புரியவே நேரம் ஆனது. எந்தப் பாட்டு நீ இல்ல என்று கேட்டாள். எந்தப் பாட்டுமே நான் இல்லை என்றேன். டூ-இன்-ஒன்னைத் திறந்து கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பெர்னார்ட் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் கச்சேரிக்கு வருவான், வாசிப்பான். நான் தடுக்கவில்லை.

பாஸ் இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். நான் வரமாட்டேன், லாய்ட். திரைக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள். “அப்போ இத்தன நாளா நான் யாரக் கேட்டும்மா அழுதேன்?” என்றாள். பதில் உனக்குத் தெரிந்தால் அவளுக்கு எழுது. எனக்கு எழுதாதே.

ரெபேக்கா